கோபேவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் பார்க்கப் போகிறவருக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஜூலைக் கடைசியில் ஜப்பானில் கோபே நகரத்துக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். ஞாயிறு மட்டும்தான் லீவு. "அங்க எல்லாரும் பேஸ்பால்னா உசுரு உடுவாங்களாம்ணா. நமக்கு கிரிக்கெட்டும் ஃபுட்பாலும்தான் தெரியும். போய் உக்காந்தா புரியுமா? டிக்கெட் எங்க எடுக்கறது, எவ்ளோ ஆவும்?" டிக்கெட்டும் செலவும் பின்னால் வருகிறது. அவர் உண்மையில் கேட்பது, மூன்று மணி நேரம் ஒன்றும் புரியாமல், நாற்பதாயிரம் பேர் நடுவில் தனி ஆளாக உட்கார்ந்துவிட்டு வருவேனோ என்பதுதான். பள்ளிகளுக்கிடையே நடக்கும் சாஃப்ட்பால், பேஸ்பால் ஆட்டங்களில் நடுவராக நின்ற பழக்கத்தில், அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

புரியும். ஆனால் கிரிக்கெட் பார்க்கும் கண்ணோடு போனால் முதல் ஒரு மணி நேரம் சலிப்பு தட்டும். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஃபுட்பால் பார்க்கிற கண்ணோடு போங்கள். காரணம் இதுதான்: கிரிக்கெட்டில் ரன் மலிவு, விக்கெட் விலை அதிகம். ஒரு விக்கெட் விழுந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். பேஸ்பாலில் அது அப்படியே தலைகீழ். ஒரு இன்னிங்ஸுக்கு 3 அவுட், 9 இன்னிங்ஸுக்கு ஒவ்வொரு அணிக்கும் 27 அவுட். அவுட் விழுந்துகொண்டே இருக்கும், யாரும் தலையில் கை வைக்க மாட்டார்கள். பேஸ் என்ற மூன்று நிறுத்தங்களையும் சுற்றி, மட்டை பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன். அந்த ரன்தான் அரிது. 3-2, 4-1, சில நாள் 1-0 என்றுதான் ஆட்டம் முடியும். 10 முறை மட்டை பிடித்து 3 முறை வெற்றிகரமாக அடித்துவிட்டால் அவர் நட்சத்திர ஆட்டக்காரர். ஸ்கோர்போர்டில் பெயருக்குப் பக்கத்தில் .300 என்று போட்டிருப்பது அந்தக் கணக்கைத்தான். ஒரு கோலுக்காக எண்பது நிமிடம் காத்திருக்கப் பழகியவருக்கு இது புதிதல்ல. கோல் விழுவதற்கு முன்னால் பந்து எப்படிக் கைமாறி, எங்கே ஆள் காலியாகி, எங்கே நெருக்கடி சேர்கிறது என்று பார்ப்பீர்கள் அல்லவா, இங்கேயும் அதையே பார்க்க வேண்டும்.

அந்த நெருக்கடி எங்கே தெரியும் என்றால், ஸ்கோர்போர்டில் இருக்கும் மூன்று வரிசை விளக்குகளில். பி, எஸ், ஓ என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பச்சை விளக்கு பால், மஞ்சள் விளக்கு ஸ்ட்ரைக், சிவப்பு விளக்கு அவுட். பிட்சர், அதாவது பந்து எறிபவர், 18.44 மீட்டர் தூரத்திலிருந்து பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிகிறார். மட்டை பிடிப்பவர் (பேட்டர்) பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் என்ற தகட்டின் அகலத்துக்குள், அவர் முழங்காலுக்கு மேலே, நெஞ்சுக்கு நடுவுக்குக் கீழே வந்தால் அது ஸ்ட்ரைக். அடிக்க வீசித் தவறவிட்டால், பந்து எங்கே வந்திருந்தாலும் ஸ்ட்ரைக்தான். அந்த எல்லைக்கு வெளியே வந்து, பேட்டரும் மட்டையை வீசாமல் விட்டால் அது பால். 3 ஸ்ட்ரைக் ஆனால் அவுட். 4 பால் ஆனால் பேட்டர் முதல் பேஸுக்கு இலவசமாக நடந்து போகலாம். ஹோம் பிளேட்டிலிருந்து முதல், மூன்றாம் பேஸ் வழியாகப் போகும் கோட்டுக்கு வெளியே அல்லது பின்னால் அடித்தால் ஃபவுல். லேட் கட், ஃபைன் லெக் எல்லாம் இங்கே ஃபவுல் கணக்குதான். ஃபவுலும் ஸ்ட்ரைக்காகவே எண்ணப்படும், ஆனால் ஏற்கெனவே 2 ஸ்ட்ரைக் ஆகியிருந்தால் அதற்கு மேல் எண்ண மாட்டார்கள். அதனால் ஒரு பேட்டர் ஏழெட்டு ஃபவுல் அடித்துக்கொண்டே உயிரோடு நிற்கலாம். பந்து கண்ணில் படாத தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் இந்த விளக்குகளைப் பார்த்தால் போதும். பச்சை மூன்று, மஞ்சள் ஒன்று என்றால் பிட்சர் சிக்கலில் இருக்கிறார். அடுத்த பந்தை ஸ்ட்ரைக்காகப் போட்டே ஆக வேண்டும், பேட்டருக்கும் அது தெரியும். மஞ்சள் இரண்டு, பச்சை ஒன்றுமில்லை என்றால் பிட்சர் வெளியே தள்ளிப் போட்டு ஆசை காட்டுவார், அதற்கு மட்டை வீசாமல் இருப்பதுதான் பேட்டரின் திறமை. பச்சை மூன்றும் மஞ்சள் இரண்டும் எரிந்து, சிவப்பும் இரண்டு எரிந்தால், பேஸில் அடுத்தடுத்து நிற்கும் ரன்னர்கள் பிட்சர் கை ஓங்கியதுமே ஓடத் தொடங்குவார்கள். எல்லோரும் அமைதியாகிற அந்த நொடியில் நீங்களும் அமைதியானால் ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஓட்டத்தில்தான் நம் ஆட்கள் குழம்புவார்கள். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். இங்கே அடித்த பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே தீர வேண்டும். பந்து தரையில் உருண்டு, ஃபீல்டர் எடுத்து, பேட்டர் போய்ச் சேர்வதற்கு முன்னால் முதல் பேஸில் நிற்பவர் கைக்கு வந்துவிட்டால் அவுட்; உடம்பில் தொடக்கூட வேண்டாம், பேஸை மிதித்தால் போதும். முதல் பேஸில் ஏற்கெனவே ஒரு ரன்னர் நின்றிருந்தால், பின்னால் பேட்டர் வருவதால் அவர் இடத்தைக் காலி செய்து இரண்டாம் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். அவருக்கும் அதே விதி, பேஸை மிதித்தாலே அவுட். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆவது இப்படித்தான்: இரண்டாம் பேஸில் ஒரு மிதி, அங்கிருந்து முதல் பேஸுக்கு ஒரு வீச்சு. பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லாத ரன்னர் விருப்பப்பட்டு ஓடினால், அவரைப் பந்து வைத்த கையால் தொட்டால்தான் அவுட். நடுவர் கை எப்போது உயர்கிறது, ஏன் ஒருவரைத் தொடாமலே அவுட் கொடுத்தார், இன்னொருவரைத் தொட வேண்டியிருந்தது என்ற குழப்பம் முழுக்க இந்த ஒரு வேறுபாட்டில் தீர்ந்துவிடும். இன்னொன்று: உயரமாக அடித்த பந்தைப் பிடித்துவிட்டால் பேட்டர் அவுட், ஆனால் ஆட்டம் நிற்காது. மூன்றாம் பேஸில் நிற்பவர் பந்து பிடிபடும் வரை பேஸில் கால் வைத்திருந்து, பிடித்த மறு நொடி ஓடி ரன் எடுக்கலாம். தெருவில் நாம் வைத்துக்கொள்ளும் ஒன் பிட்ச் கேட்ச், சுவரில் பட்ட கேட்ச் எதுவும் இங்கே செல்லாது. ஃபவுலாகப் போன பந்தையும் தரையில் படாமல் நேராகப் பிடித்தால் அவுட்.

ஜப்பான் ஆட்டத்தில் ஒரு காட்சி அடிக்கடி வரும். ரன்னர் முதல் பேஸில், அவுட் ஒன்றுமில்லை, பேட்டர் மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தானே அவுட் ஆகிப் போவார். பயந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தன் அவுட்டைக் கொடுத்து முன்னால் நிற்பவரை ஒரு பேஸ் தள்ளிவிடுகிறார். கேரம்போர்டில் தன் காயைப் போடாமல் எதிராளியின் வழியை அடைத்துவிட்டுத் தன் முறையை விட்டுக்கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அவர் திரும்பி வரும்போது ரசிகர்கள் கைதட்டுவார்கள், நீங்களும் தட்டுங்கள்.

இனி எங்கே போவது. கோபேவிலிருந்து ரயிலில் 20 நிமிடம் போனால் நிஷினோமியாவில் கோஷியன் மைதானம். 1924-இல் திறந்தது, 47,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் சொந்த மைதானம். ஆனால் நீங்கள் போகும் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே டைகர்ஸ் ஆட்டம் பெரும்பாலும் இருக்காது. அந்த மைதானத்தை உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டிக்குக் கொடுத்துவிட்டு, தொழில்முறை அணி வெளியூர் போய்விடும். பெரும் பணம் புரளும் அணி பள்ளிப் பிள்ளைகளுக்காக இடத்தைக் காலி செய்து தருவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பலர் இது தெரியாமல் ஆகஸ்டில் டைகர்ஸ் டிக்கெட் தேடி ஏமாறுகிறார்கள். நீங்கள் ஏமாற வேண்டாம். என்னைக் கேட்டால் உங்கள் முதல் ஆட்டமே இந்தப் பள்ளிப் போட்டியாக இருக்கட்டும்.

1915-இல் தொடங்கிய போட்டி அது. 47 மாகாணங்கள், ஹொக்கைடோவுக்கும் டோக்கியோவுக்கும் மட்டும் இரண்டிரண்டு இடம், ஆக 49 பள்ளிகள். முதல் சுற்றிலிருந்தே தோற்றால் வெளியே. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் நடக்கும். தொடக்க நாட்களில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு ஆட்டங்கள். ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மணி நேரம். வெயிலுக்காக 2024 முதல் சில நாட்களில் காலை ஆட்டம், மாலை ஆட்டம் என்று பிரித்து நடுப்பகலை விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் டிக்கெட்டும் தனித்தனி, எடுக்கும்போது எந்த வேளைக்கு என்று பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கு ஊதும், ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவருக்கு அந்த ஓசை பழகியதுதான். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பள்ளியின் பாடல் ஒலிக்கும், பையன்கள் வரிசையில் நின்று பாடுவார்கள். தோற்றவர்கள் பேஸ்கள் இருக்கும் உள்மைதானத்தின் கருப்பு மண்ணைக் கையால் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கோஷியனின் உள்மைதானத்தில் புல்லே கிடையாது, முழுக்க மண். ஆகஸ்ட் 15 நண்பகலில் போர் முடிந்த நாளை நினைத்து ஆட்டத்தை நிறுத்தி ஒரு நிமிடம் மௌனம் இருப்பார்கள். அந்த நாள் உங்களுக்கு லீவாக அமைந்தால் தொப்பியைக் கழற்றி எழுந்து நில்லுங்கள். பள்ளிகளின் பாண்டு வாத்தியமும் மாணவர்களும் உட்காரும் பகுதிக்கு ஆல்ப்ஸ் இருக்கைகள் என்று பெயர். வெள்ளைச் சட்டைக் கூட்டம் பனிமலை மாதிரித் தெரிந்ததால் வந்த பெயர். அங்கே நீங்கள் உட்கார வேண்டாம், அது அந்தந்தப் பள்ளிக்காரர்களுக்கு. உள்மைதானத்தைச் சுற்றிய இருக்கைகளுக்கு மேல் பெரிய கூரை உண்டு, அந்த நிழலில் இடம் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் தூரத்தில், வேலிக்குப் பின்னால் இருக்கும் வெளிமைதான இருக்கை, விலை குறைவு, வெயில் முழுக்க உங்கள் தலையில். 35 டிகிரி நமக்குப் புதிதல்ல, ஆனால் நான்கு மணி நேரம் கான்கிரீட் படியில் அசையாமல் உட்காருவது வேறு. தொப்பி, துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு மிட்டாய் இல்லாமல் போகாதீர்கள்.

தொழில்முறை ஆட்டம் பார்க்க மூன்று வழி உண்டு. முதலாவது, ஒசாக்காவில் இருக்கும் கியோசேரா டோம். மூடிய அரங்கம், குளிர்சாதனம் உண்டு, மழை பயமில்லை. ஒரிக்ஸ் பஃபலோஸ் அணியின் இடம். ஆகஸ்டில் டைகர்ஸும் தங்கள் சொந்த ஆட்டங்கள் சிலவற்றை இங்கே வைத்துக்கொள்வார்கள். கோபே நகரின் நடுவில் இருக்கும் கோபே-சன்னோமியா நிலையத்தில் நாரா போகும் ஹன்ஷின் ரயிலில் ஏறினால் டோம்-மாயே நிலையத்தில் மாறாமல் இறங்கலாம். ஒரிக்ஸ் வருடத்தில் சில ஆட்டங்களைக் கோபேவின் பழைய மைதானத்திலும் ஆடும். தேதி ஒத்துவந்தால் அதைத் தவறவிடாதீர்கள். 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் கோபே இடிந்து கிடந்தபோது, 'மனம் தளராதே கோபே' என்ற பொருள் கொண்ட வாசகத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு ஆடி அந்த அணி லீக்கை வென்றது. பின்னால் உலகப் புகழ் பெற்ற இச்சிரோ இளைஞராக அப்போது அதில் ஆடினார். மறு வருடம், இரண்டு லீக்குகளின் வெற்றி அணிகளும் மோதும் ஜப்பான் தொடரையும் வென்றார்கள். 2004 டிசம்பருக்குப் பின் காசிமேட்டுக் கரையைப் பார்த்தவர்களுக்கு ஒரு ஊர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது என்று விளக்கத் தேவையில்லை. உங்களோடு வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரரிடம் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். இரண்டாவது, பள்ளிப் போட்டி முடிந்ததும் கோஷியனுக்குத் திரும்பும் டைகர்ஸ். மூன்றாவது வழி யாரும் சொல்லாதது: இரண்டாம் அணி, அதாவது ரிசர்வ் அணியின் ஆட்டம். 2025 முதல் டைகர்ஸின் இரண்டாம் அணி அமகசாகியில், ஹன்ஷின் பாதையில் தைமோத்சு நிலையத்தின் பக்கத்தில் புது மைதானத்தில் ஆடுகிறது. பெரும்பாலும் பகல் ஆட்டம், விலை குறைவு, மைதானம் சிறியது, பிட்சரின் கையிலிருந்து பந்து கிளம்புவதையும் பேட்டருக்குப் பின்னால் அதைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் அது விழும் சத்தத்தையும் பக்கத்திலிருந்து கேட்கலாம். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

டிக்கெட் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது: டைகர்ஸ் ஞாயிறு ஆட்டத்துக்கு வாசலில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். 2023-இல் 38 வருடங்களுக்குப் பிறகு ஜப்பான் தொடரை வென்ற அணி, அதிலிருந்து கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே அணியின் இணையதளத்தில் அட்டவணையைப் பார்த்து ஞாயிறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பல அணிகள் ஆங்கிலத்தில் டிக்கெட் பக்கம் வைத்திருக்கின்றன, அங்கே வெளிநாட்டுக் கார்டு செல்லும். ஜப்பானிய மொழிப் பக்கத்தில் பதிவு செய்யப் போனால் அந்த நாட்டு கைப்பேசி எண் கேட்டு நிற்கும். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது செய்ய வேண்டியது, பயிற்சி இடத்தில் உடன் வேலை பார்ப்பவரிடம் தேதியையும் இருக்கைப் பகுதியையும் எழுதிக் கொடுத்து எடுத்துத் தரக் கேட்பது. தெருவுக்குத் தெரு இருக்கும் லாசன் என்ற சங்கிலிக் கடைகளில் உள்ள இயந்திரத்தில் அவர் இரண்டு நிமிடத்தில் எடுத்து, கவுண்டரில் பணம் கட்டிச் சீட்டை வாங்கிவிடுவார். பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள், கூடவே அவரையும் ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நான் மேலே எழுதியது அனைத்தும் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். மைதான வாசலில் கூடுதல் விலைக்கு விற்பவரிடம் வாங்க வேண்டாம். 2019 ஜூன் முதல் அந்த வகை மறுவிற்பனை அங்கே சட்டப்படி குற்றம், அந்தச் சீட்டில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். விலை ஆட்டத்துக்கு ஆட்டம், வருடத்துக்கு வருடம் மாறும், எனவே இதை ஒரு மதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தொழில்முறை ஆட்டத்தில் வெளிமைதான இருக்கை சுமார் 2,000 முதல் 3,000 யென், உள்மைதானம் 4,000 யென்னுக்கு மேல். 100 யென்னுக்கு 55 முதல் 60 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 6,000 யென் கையில் இருந்தால் தாராளம்.

எந்த இருக்கை என்பதில் என் கருத்து உறுதியானது. முதல் தடவை ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலோ முதல் பேஸ் பக்கமோ உள்மைதானத்தில், கொஞ்சம் மேலே உட்காருங்கள். கோஷியனில் முதல் பேஸ் பக்கம் டைகர்ஸ் பக்கம். மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். இரண்டாம் தடவை வலது வெளிமைதானத்துக்குப் போங்கள், அதுதான் டைகர்ஸ் ரசிகர் படையின் கோட்டை. முதல் தடவையே அங்கே போனால் பாட்டும் டிரம்மும் மட்டும்தான் நினைவில் நிற்கும், ஆட்டம் நிற்காது. அங்கே முறை இருக்கிறது. தங்கள் அணி மட்டை பிடிக்கும்போதுதான் பாடுவார்கள். ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு, தனித் தாளம், டிரம்பெட் வாசிப்பவர் வழிநடத்துவார். எதிரணி மட்டை பிடிக்கும்போது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சேப்பாக்கத்தில் போல நினைத்த நேரத்தில் விசில் அடிக்கக் கூடாது. சின்ன பிளாஸ்டிக் மட்டை ஜோடி ஒன்று வாங்கி, பக்கத்து ஆள் தட்டுவதைப் பார்த்துத் தட்டினால் போதும், பாட்டு தெரியாதது குறையில்லை. எதிரணியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பகுதிக்குப் போகவே கூடாது, விதியே அப்படி. கோஷியனுக்கு ஆரஞ்சு நிறச் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள், அது டோக்கியோவின் ஜயன்ட்ஸ் அணியின் நிறம். 7-ஆவது இன்னிங்ஸில் ஆயிரக்கணக்கான நீள பலூன்களைப் பறக்கவிடும் வழக்கம் கொரோனாவில் நின்றுபோனது. திரும்ப வந்த இடங்களில் வாயால் ஊதக் கூடாது, கைப்பம்புதான்.

கோஷியனில் உட்கார்ந்ததும் மேலே பறக்கும் கொடிகளைப் பாருங்கள். கடல் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது, பிற்பகலில் வலது மூலையிலிருந்து இடது பக்கம் கடற்காற்று வீசும், அதற்கு அங்கே ஹமகசே என்று தனிப் பெயரே உண்டு. இடதுகை பேட்டர் வலது பக்கம் தூக்கி அடித்த பந்து சிக்ஸர் போலக் கிளம்பி, காற்றில் முட்டி ஃபீல்டர் கையில் இறங்கும். ராயபுரத்தில் மதியம் திரும்பும் கடற்காற்றை அறிந்தவர், பந்து மட்டையில் பட்டவுடனே இது வேலிக்கு அப்பால் போகுமா போகாதா என்று மற்றவர்களுக்கு முன்னால் சொல்லலாம். வேலி மூலைகளில் 95 மீட்டர், நடுவில் 118 மீட்டர்.

இதைக் கவனமாகப் படியுங்கள். ஃபவுல் பந்து ஆபத்து. கிரிக்கெட்டில் பந்து நம்மிடம் வரும்போது பெரும்பாலும் எழுபது மீட்டர் தாண்டி, உயரத்திலிருந்து இறங்கி வரும். இங்கே மட்டையின் விளிம்பில் பட்ட பந்து தாழ்வாக, நேராக, கண் இமைக்கும் நேரத்தில் உள்மைதான இருக்கைக்கு வரும். எடை 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 2010-இல் சப்போரோ டோமில் ஒரு பெண் இப்படி வந்த பந்தில் ஒரு கண் பார்வையை இழந்தார், வழக்கு நீதிமன்றம் வரை போனது. வலை இருக்கும் பகுதியில் உட்காருங்கள். வலை இல்லாத இடமென்றால், பிட்சர் கை ஓங்கியதிலிருந்து பந்து நிற்கும் வரை கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. ஊழியர் விசில் ஊதினால் பந்து உங்கள் பகுதிக்கு வருகிறது என்று பொருள். எழுந்து பிடிக்கப் பார்க்காமல் குனிந்து தலையைக் கையால் மூடுங்கள். விழுந்து உருளும் பந்தை எடுத்துக்கொள்ளலாம், தொழில்முறை ஆட்டங்களில் பெரும்பாலும் உங்களுக்கே தந்துவிடுவார்கள். பள்ளிப் போட்டியில் ஊழியரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சாப்பாடு. கோஷியனில் கறி ரைஸ் பெயர் பெற்றது, ஆனால் நம் குழம்பு போல நினைக்காதீர்கள். கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும், மாட்டிறைச்சி சேர்ந்திருக்கும். வறுத்த நூடுல்ஸில் பன்றி இறைச்சி வரும். தகோயாக்கி என்ற உருண்டையில் உள்ளே இருப்பது பேய்க்கணவாய், காசிமேட்டுக்காரர்களுக்குப் பழகிய சுவை. இது எதுவும் வேண்டாமென்றால் உருளைக்கிழங்கு வறுவல், உப்புப் போட்டு வேகவைத்த பச்சை சோயா காய் கிடைக்கும். இல்லையென்றால் கடையில் சோற்று உருண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டிலும் டின்னும் உள்ளே விட மாட்டார்கள், வாசலில் காகிதக் குவளையில் ஊற்றித் தருவார்கள். பிளாஸ்டிக் பாட்டில் விதி இடத்துக்கு இடம் வேறு. முதுகில் பீர் கொள்கலனைச் சுமந்துகொண்டு படியேறி இறங்கும் பெண்களிடம் பீர் வாங்க வேண்டுமானால் கையை உயர்த்தினால் போதும், வயது 20 ஆகியிருக்க வேண்டும். பல மைதானங்களில் ரொக்கமே வாங்குவதில்லை. வங்கியில் சொல்லி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். 5-ஆவது இன்னிங்ஸ் முடிந்ததும் மண்ணைச் சமன் செய்ய இடைவேளை வரும், அப்போது கழிவறையில் நீளமான வரிசை நிற்கும். 4-ஆவதின் நடுவிலேயே போய்விட்டு வாருங்கள். குப்பையை இருக்கையில் விடாமல் ஒரு கேரி பேக்கில் சேர்த்து வெளியே தொட்டியில் போடுங்கள்.

மழை. செப்டம்பரில் புயல் வரும் காலம். கோஷியனில் இருக்கையில் குடை விரிக்க அனுமதி இல்லை, மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். தொழில்முறை ஆட்டம் தொடங்கும் முன்போ 5 இன்னிங்ஸ் முடியும் முன்போ கைவிடப்பட்டால் பணம் திரும்ப வரும். அந்தச் சீட்டு வேறு நாளுக்குச் செல்லாது. எடுத்த இடத்திலேயே, குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பி வாங்க வேண்டும், எனவே சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தொழில்முறை ஆட்டம் 9 இன்னிங்ஸில் சமமாக இருந்தால் 12 வரை போகும், அப்போதும் சமமென்றால் டிரா. மூன்று மணி நேரத்துக்கு மேலாகவும் ஆகும் என்பதால் மறுநாள் வேலைக்கு நேரம் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு பகல் ஆட்டம் பெரும்பாலும் 2 மணிக்கு, இரவு ஆட்டம் 6 மணிக்கு. வெயில் மாதங்களில் ஞாயிறும் இரவு ஆட்டமாக இருக்கலாம். முந்தின நாளே இரு அணியும் முதல் பிட்சர் யாரென்று அறிவித்துவிடும், அதை உடன் வேலை செய்பவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் பாதி ஆட்டம் முன்பே தெரிந்த மாதிரி.

போக வர இக்கோகா என்ற ரயில் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், 2,000 யென். அதில் 500 வைப்புத் தொகை. சன்னோமியாவிலிருந்து கோஷியனுக்கு ஒரு வழிக்கு 300 யென்னுக்குள் ஆகும். திரும்புவதற்கான பணம் கார்டில் இருக்கிறதா என்று இறங்கும்போதே பாருங்கள், ஆட்டம் விட்ட பிறகு இயந்திரத்தின் முன்னால் நிற்க முடியாது. ஜெயித்த நாளில் ஆட்டக்காரரை மைதானத்தின் நடுவே நிறுத்திப் பேட்டி எடுப்பார்கள், அது முடியும் வரை உட்கார்ந்திருந்தால் முதல் நெரிசல் கலைந்துவிடும். நிலையத்தில் கோபே பக்கம் போகும் நடைமேடை எது, ஒசாக்கா பக்கம் போகும் நடைமேடை எது என்று வரும்போதே பார்த்து வையுங்கள்; திரும்பும்போது கூட்டம் தள்ளிக்கொண்டு போய் எதிர்ப் பக்கம் ஏற்றிவிடும்.